பிறர் வாழ்க்கையைப் படித்து எழுதப் பழகுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிற்றிதழ் ஒன்றுக்கு வருகிற அனுபவக் கட்டுரைகளைப் படித்துத் தேர்ந்தெடுப்பது என் வேலை. எழுதியவர் அண்மையில் யாரைப் படித்திருக்கிறார் என்பது பல சமயம் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். பிறருடைய நாட்குறிப்பு, கடிதம், தன்வரலாறு போன்றவற்றைப் படிப்பதைவிட நல்ல பயிற்சி எழுத வருகிறவர்களுக்கு இல்லை என்று உறுதியாக நம்புகிறேன். ஆனால், படித்ததிலிருந்து எதை எடுத்துக்கொள்வது என்பதில்தான் பலரும் வழி தவறுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, பிடித்த எழுத்தாளரின் குரலையே எடுத்துக்கொள்வது. ஆவடியில் பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர் தன் பாட்டியைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். கட்டுரை முழுக்கக் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் வழக்கு. பாட்டிக்கு எந்த ஊர் என்று கேட்டேன். ஆரணிப் பக்கம் என்றார். பாட்டி எப்படி இருப்பார் என்று கேட்டதும் மடை திறந்தாற்போல் சொல்லத் தொடங்கினார். தொலைபேசியில் எதிர்முனைக்குக் காது கேட்காது என்பதுபோலக் கத்துவாராம். ரேஷன் அட்டையைத் தலையணை உறைக்குள் வைத்திருப்பாராம். மாதம் பிறந்ததும் அதை வெளியே எடுத்து, மடங்கிய ஓரத்தை விரலால் நீவி நீவி நிமிர்த்துவாராம். இவற்றில் ஒன்றுகூடக் கட்டுரையில் இல்லை! கரிசல் வட்டாரத்துக்கென ஒரு சொல்லகராதியே தொகுத்தவர் கி. ராஜநாராயணன். அவ்வளவு கூர்ந்து அவர் கேட்டது தன் ஊர் மக்களின் பேச்சை. அவரைப் படிக்கிறவர் ஆரணிப் பாட்டியின் பேச்சை அதே கூர்மையோடு கேட்டிருக்க வேண்டாமா?

அடுத்த தவறு, ரசித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவது. ரசனை வேண்டும்தான். ஆனால், எழுதக் கற்க அது மட்டும் போதாது. அமெரிக்க எழுத்தாளர் பெஞ்சமின் பிராங்ளின் சிறுவயதில் பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகிக்கொண்டிருந்தார். லண்டனில் 1711-12 ஆண்டுகளில் வெளிவந்த ‘ஸ்பெக்டேட்டர்’ இதழ்க் கட்டுரைகளின் தொகுதி ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சுருக்கமாகக் குறித்துக்கொண்டு, சில நாட்கள் அப்படியே விட்டுவிடுவார். பிறகு மூலத்தைப் பார்க்காமல் தன் சொற்களில் முழுக் கட்டுரையையும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். சில சமயம் குறிப்புகளை வேண்டுமென்றே கலைத்துப்போட்டு, சில வாரங்கள் கழித்து வரிசைப்படுத்துவார். எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்பதைக் கற்றுக்கொள்ள அது அவருக்கு வழி.

1722-இல், 16 வயதில், கைம்பெண் ஒருத்தி எழுதுவதுபோல் கடிதங்கள் எழுதி, இரவில் அச்சகத்தின் கதவுக்கு அடியில் செருகிவைத்தார். எழுதியது தம்பி என்று தெரியாமலே அண்ணன் அவற்றைத் தன் இதழில் வெளியிட்டார். மொத்தம் 14 கடிதங்கள். பயின்றது லண்டன் கனவான்களின் கட்டுரைகளை. ஆனால் கடிதங்களில் பேசியவள் நியூ இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் வாழும் பாதிரியாரின் மனைவியாக இருந்து கணவனை இழந்தவள். கட்டுமானத்தை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, குரலைத் தன் மண்ணிலிருந்து எடுத்துக்கொண்டார். ஒரே ஒரு பக்கத்தை வைத்தாவது இந்தப் பயிற்சியை நீங்கள் செய்து பார்க்க வேண்டும்.

நாட்குறிப்பைப் படித்துவிட்டு, அதன் தளர்ந்த நடையைக் கட்டுரைக்குக் கொண்டுவருவதும் தவறுதான். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, மரியாதைக்கு எத்தனை குண்டு போட்டார்கள், யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று பக்கம் பக்கமாகப் போகும். அச்சில் வரும் என்று நினைத்து எழுதியதில்லை அது. உங்கள் கட்டுரைக்கோ வாசகர் உண்டு. எழுந்தேன், குளித்தேன், பஸ் ஏறினேன் என்று அவரை அலைக்கழிக்கக் கூடாது. பிள்ளையிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் குண்டுகளின் எண்ணிக்கை. ‘பெரிய வரவேற்பு’ என்று எழுதி முடித்துவிடாமல் எண்ணிப் பார்த்தாரே, அந்தப் பழக்கம்.

“என் வாழ்க்கையில் எழுதும்படி ஒன்றும் நடக்கவில்லையே” என்று சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. உ.வே.சாமிநாதையர் ஆனந்த விகடனில் தன் வரலாற்றைத் தொடராக எழுதத் தொடங்கியது 1940-இல், 85 வயதை நெருங்கும்போது. ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் செய்யுள் சொல்லச் சொல்ல, ஏட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாணவனின் பொழுதுகளுக்கு அதில் பெரிய இடம் உண்டு. சம்பவம் என்று பார்த்தால் அங்கே என்ன நடந்துவிட்டது?

ஒரே எழுத்தாளரை மாதக்கணக்கில் படிக்காதீர்கள். எழுத உட்காரும் நாளில் அவர் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது எனக்கு மிகவும் முக்கியம். துணிந்து எழுதப்பட்ட தன்வரலாறுகளைப் படித்த வேகத்தில், தங்கையின் மணமுறிவையும் தந்தையின் குடியையும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தன் காயத்தைச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு; தங்கையின் காயம் தங்கையுடையது. பெயரை மாற்றினாலும் உறவினர் கண்டுபிடித்துவிடுவார்கள். அச்சுக்கு அனுப்புவதற்கு முன்னால் அந்தப் பக்கங்களைச் சம்பந்தப்பட்டவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.