சொந்த அனுபவத்தைச் சிறுகதையாக்குவது எப்படி? குறியீடு எழுதப் பழகுபவர்களுக்கு

புதிதாகச் சிறுகதை எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் குறியீட்டை, அதாவது வேறொன்றை உணர்த்த நிற்கும் பொருளை, கடன் வாங்குகிறார்கள். சாவு என்றால் காகம், நம்பிக்கை என்றால் அகல்விளக்கு, பிரிவு என்றால் ரயில். எங்கள் வேலூர்ப் பக்கத்தில் கூடுதலாக ஒன்று உண்டு: வறட்சி என்றால் பாலாறு. 'தண்ணீர் இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை' என்று ஊரைப் பற்றிச் சொலவடையே இருக்கிறது. ஆனால் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981இல் சாமி திரும்பி வந்துவிட்டார். 2021 நவம்பரில் அதே பாலாறு கரைபுரண்டு ஓடியது. அன்று வீட்டுச் சாமான்களைப் பரண்மேல் ஏற்றிவிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவருக்குப் பாலாறு என்றால் வறட்சியா ஞாபகம் வரும்? அவர் தன்னுடைய பாலாற்றைத்தான் எழுத வேண்டும்.

ஒரு கதையை எடுத்து அடியிலிருந்து கட்டிப் பார்ப்போம். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோலை வெட்டும் கட்டிங் பிரிவில் வேலை செய்யும் ஒரு அப்பா. அவருடைய மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மகளின் இடது கையில், முழங்கைக்குக் கீழே, சின்ன வயதில் உலைத்தண்ணீர் கொட்டிய தழும்பு. அந்த மகள்தான் இப்போது கதை எழுத உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: பொருள்களை எழுதுங்கள்

அவமானம், துக்கம், கோபம் போன்ற சொற்களுக்கு முதல் நாள் இடமில்லை. அந்த நாளில் கண்ணில் பட்டது, கையில் தொட்டது, மூக்கில் ஏறியது மட்டும். பிளாஸ்டிக் நாற்காலிகள் பக்கத்து வீட்டிலிருந்து வந்தன. தட்டில் மக்கன் பேடா. அப்பாவின் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாத தோல் வாசனை. அவருடைய வலது கைக் கட்டைவிரல், எதை எடுத்தாலும் முதலில் அதைத் தடவிப் பார்க்கும். ஒரு பக்கம் நிரம்பும்வரை இப்படியே போகட்டும். ஒழுங்கு வேண்டாம், வாக்கியங்கள் முடியாமல் நின்றாலும் பரவாயில்லை.

படி 2: முதலில் தோன்றும் குறியீட்டை ஒதுக்கிவையுங்கள்

இந்தக் கதைக்கு உடனே ஒன்று தோன்றும்: ஊருக்கெல்லாம் ஷூ செய்கிறவர் காலில் அறுந்த செருப்பு. உண்மையாகவே அவர் அப்படித்தான் போயிருக்கலாம். இருந்தாலும் வேண்டாம். வாசகர் இதை ஏற்கெனவே பலமுறை படித்திருக்கிறார், பார்த்தவுடன் அர்த்தம் புரிந்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். பட்டியலுக்குத் திரும்புங்கள். ஏன் எழுதினோம் என்று உங்களுக்கே விளங்காத ஒரு விஷயம் அதில் இருக்கும். இங்கே அது அந்தக் கட்டைவிரல்.

படி 3: அந்தப் பொருளின் வேலையை முழுசாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்கச் சொல்வேன். கட்டைவிரல் எதைத் தேடுகிறது? அப்பாவிடமே கேட்கலாம், அவர் இல்லையென்றால் அதே வேலை செய்த இன்னொருவரிடம்.

பதனிட்ட தோலில் அந்த மாடு வாழ்ந்த வாழ்க்கை அப்படியே இருக்கும். உண்ணி கடித்த புள்ளிகள், முள்கம்பி கிழித்த கோடு, நோய்க்குச் சூடு போட்ட இடம். சில தழும்புகள் வண்ணம் ஏற்றிய பிறகு கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, விரலுக்குத் தெரியும். கட்டிங்கில் நிற்பவர் தோலை விரித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, தடவி, அப்புறம்தான் டையை, அதாவது வெட்டும் அச்சை, வைப்பார். தழும்புகளைச் சுற்றிப்போக வேண்டும். அதே சமயம் தோலும் வீணாகக் கூடாது. அதனால் லேசான தழும்பு உள்ள பகுதியை ஷூவில் வெளியே தெரியாத இடத்துக்குத் திருப்பிவிடுவார், இன்னொரு துண்டு மேலே வந்து மூடும் ஓரத்துக்கு. மோசமான தழும்பு என்றால் கழிவுக் குவியலுக்குப் போகும். வெட்டுகிறவரின் கெட்டிக்காரத்தனமே இந்தத் திருப்பி வைப்பதில்தான் இருக்கிறது.

இவ்வளவு தெரிந்ததும் கதை கிட்டத்தட்டக் கிடைத்துவிட்டது. குறியீட்டை நீங்கள் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, அது அவருடைய தொழிலுக்குள்ளேயே இருந்தது.

படி 4: அதே செயலை இன்னொரு இடத்தில் நடக்கவிடுங்கள்

கதையின் முதல் பாதியில் அப்பா வேலை செய்வதைக் காட்டுங்கள். அவசரம் வேண்டாம். பெருமையோடு செய்கிறார், புதிதாகச் சேர்ந்த பையனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். இரண்டாம் பாதியில் வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். மகள் காபித் தட்டோடு வருகிறாள். அம்மா காட்டிய நாற்காலியில் உட்காரப் போகும்போது அப்பா எழுந்துவருகிறார்.

"அங்க வெயிலடிக்குது. இந்தாண்ட வந்து உக்காரு கண்ணு."

அவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கை சுவர்ப் பக்கம் போய்விடும்.

அவ்வளவுதான். அந்த அப்பா கொடுமைக்காரர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பு அதுதான், அன்போடுதான் செய்கிறார். குறியீடு ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக வந்தால் கதை சின்னதாகிவிடும். செயல் ஒன்றே, அதில் பாசமும் இருக்கிறது, காயமும் இருக்கிறது என்று வரும்போதுதான் வாசகருக்கு அது விடாமல் உறுத்தும்.

படி 5: விளக்கும் வரியை எடுத்துவிடுங்கள்

முதல் பிரதியில் இப்படி ஒரு வரி கட்டாயம் வந்திருக்கும்: 'தானும் அப்பா மேஜைமேல் விரித்த ஒரு தோல்தான் என்று அவளுக்குத் தோன்றியது.' அதை அடித்துவிடுங்கள். நன்றாக இருக்கிறதே என்று மனசு கேட்காது, அடித்துவிடுங்கள். 'வெட்டினார்', 'தழும்பு' என்ற சொற்கள் இரண்டாம் பாதியில் வேண்டுமென்றே திரும்ப வந்திருக்கிறதா என்றும் பாருங்கள், வந்திருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இப்படி விளக்காமல் விடுவது நம் மரபுக்குப் புதிதில்லை. சொல்ல வந்ததை வெளிப்படையாகச் சொல்லாமல் காட்சிக்குள்ளேயே வைப்பதற்குத் தொல்காப்பியம் உள்ளுறை என்று இலக்கணமே சொல்லியிருக்கிறது. குறுந்தொகை 25ஆம் பாட்டில் கபிலர் என்ன செய்கிறார் பாருங்கள். தலைவனோடு கூடிய அன்று சாட்சிக்கு யாருமே இல்லை என்கிறாள் தலைவி. தினைத்தாள் போன்ற மெல்லிய காலோடு, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த ஒரு குருகு, அதாவது நாரை, மட்டும் இருந்தது. அந்தக் குருகு தலைவனா, ஊராரா, வெறும் பறவைதானா? பாட்டு வாய் திறப்பதில்லை. முதலில் அது காலும் பசியும் உள்ள ஒரு நிஜப் பறவை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

படி 6: உருவகக் கதையா, குறியீடா என்று முடிவு செய்யுங்கள்

இதே விஷயத்தை வேறு மாதிரியும் எழுதலாம். தோல்களே பேசும் ஒரு நாடு, தழும்புள்ளவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பும் ஓர் அரசாங்கம். அது உருவகக் கதை. அங்கே ஒவ்வொன்றுக்கும் நேர்ப்பொருள் உண்டு. ஆங்கில எழுத்தாளர் ஜான் பன்யனின் 'பில்கிரிம்ஸ் பிராக்ரஸ்' கதையில் வரும் பயணியின் முதுகுச் சுமை பாவம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. அந்தக் கதையைத் தழுவித்தான் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். அரசியலோ நீதியோ பேச உருவகக் கதை நல்ல கருவி. சொந்த வீட்டில் நடந்ததை எழுதுகிறவர்களுக்கு முதலில் குறியீட்டையே சிபாரிசு செய்வேன். நேர்ப்பொருள் கொடுக்கத் தொடங்கினால் அப்பா வெறும் 'சமூகம்' ஆகிவிடுவார், கட்டைவிரல் காணாமல் போய்விடும்.

படி 7: ஆட்களை மாற்றுங்கள், கையை மாற்றாதீர்கள்

பெயர், தெரு, கம்பெனி, தழும்பு இருக்கும் இடம் எல்லாவற்றையும் தாராளமாக மாற்றுங்கள். ஆம்பூர் வாணியம்பாடியாகலாம். மகளே இரண்டு மகள்களாகலாம். அந்த மாப்பிள்ளை வீட்டார் நாளைக்கே கதையைப் படிக்கக்கூடும். மாறக் கூடாதது, விரல் தோலில் நின்ற விதமும் நாற்காலி திரும்பிய விதமும்.

முடித்ததும் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள், முடிந்தால் தோல் பதனிடும் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ வேலை செய்த ஒருவரிடம். "என்ன புரிந்தது?" என்று கேட்க வேண்டாம். "எங்கே கொஞ்சம் நின்றீர்கள்?" என்று கேளுங்கள். "அந்த நாற்காலிகிட்ட" என்றால் பிரதியில் மேலும் கை வைக்காதீர்கள். "பொண்ணும் தோலும் ஒண்ணுன்னு சொல்ல வர்றீங்களா?" என்று திருப்பிக் கேட்டால் விளக்கும் வரி இன்னும் எங்கேயோ ஒளிந்திருக்கிறது, ஐந்தாம் படிக்குப் போய்த் தேடுங்கள்.