கேபட் ட்ரெயில் போறீங்களா, சூரியனைப் பாத்து ப்ளான் போடுங்க

டொரோண்டோ பக்கம் இருக்கிற நம்ம ஆளுங்களுக்கு ஃபால் கலர்னாலே அல்கோன்குவின் பார்க்தான், வருஷா வருஷம் டிராஃபிக்ல நின்னு இலை பாத்துட்டு வர்றோம். ஒரு தடவையாவது நோவா ஸ்கோஷியால இருக்கிற ஹாலிஃபாக்ஸுக்கு ஃப்ளைட் ஏறி, அங்க ஒரு கார் வாடகைக்கு எடுத்து, கேப் பிரெட்டன் தீவுக்குப் போயிட்டு வாங்க. மலை, கடல், செவப்பு இலை மூணும் ஒரே ஜன்னல்ல தெரியும்.

ஏர்போர்ட்ல இருந்து கேபட் ட்ரெயில் மேலயே இருக்கிற பேடெக் ஊர் வரைக்கும் மூணரை மணி நேரம் ஆகும். நடுவுல 1955-ல திறந்த, கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிப் போட்ட கான்சோ காஸ்வே ரோடு மேல போய் தீவுக்குள்ள நுழைவீங்க. கேபட் ட்ரெயில்ங்கிறது தீவோட வடக்குப் பக்கத்தைச் சுத்துற கார் ரோடு, மொத்தமே 298 கிலோமீட்டர்தான், சுத்தி வந்து ஆரம்பிச்ச இடத்துலயே முடியும். 298தானேன்னு ஒரே நாள்ல முடிக்கப் பாக்காதீங்க, நாங்க முதல் தடவ அப்படித்தான் போய் பாதி அழகை இருட்டுல கடந்து வந்தோம். ரெண்டு ராத்திரி கண்டிப்பா வேணும்.

எந்தப் பக்கமா சுத்துறதுன்னு எல்லாரும் கேப்பாங்க. ஆன்டி-கிளாக்வைஸ் போங்க. அங்க வலது பக்க டிரைவிங்ங்கிறதால கடல் உங்க லேனை ஒட்டியே வரும், வியூ பாயின்ட்ல எதிர் லேனைக் கடக்காம நேரா உள்ள திருப்பிடலாம். வீட்டுல யாருக்காவது உயரம்னா பயம்னா மட்டும் கிளாக்வைஸ், அப்ப மலை ஓரமாவே போகலாம்.

முதல் நாள் ஸ்மோக்கி மலை ஏறி இறங்கி இங்கோனிஷ்ல தங்கிடுங்க. அது கிழக்குக் கரை, காலைல ஏழேகால் வாக்குல அட்லாண்டிக்ல இருந்து சூரியன் எழும்புறதை போர்வை சுத்திக்கிட்டே பாக்கலாம். அப்புறம் நீல்ஸ் ஹார்பர்ல லைட்ஹவுஸ் பக்கத்துல ஒரு சவுடர் (கெட்டியான மீன் சூப்), அதுக்கு மேல நார்த் மவுன்டன்.

இந்த மலை இறக்கத்துல நான் பண்ணின முட்டாள்தனத்தை நீங்க பண்ணாதீங்க. ப்ளெசன்ட் பே பக்கம் இறங்கும்போது பயத்துல பிரேக்ல வச்ச காலை எடுக்கவே இல்ல, பாதி வழில கருகின ரப்பர் மாதிரி ஒரு வாடை, பின் சீட்ல இருந்து அம்மா "என்னடா தீயுது"ன்னு கேக்குறாங்க. ஓரமா நிறுத்தி இருபது நிமிஷம் ஆற விட்டோம். கியரை லோல போட்டுட்டு, பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க, அவ்ளோதான் விஷயம்.

அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்குள்ள ஸ்கைலைன்ங்கிற நடைபாதைக்கு வந்துடணும். அது மேற்குப் பக்கம், போக வர ஆறரை கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம், கடைசில மரப்படிக்கட்டு கடலைப் பாத்து இறங்கும். அக்டோபர் நடுவுல ஆறரைக்கெல்லாம் சூரியன் விழுந்துடும், டார்ச் எடுத்துக்கோங்க, தனியா நடக்காதீங்க, கயோட்டி (ஓநாய் மாதிரி ஒரு காட்டு விலங்கு) உண்டு. வழில ஒரு பெரிய வேலி இருக்கும், மூஸ்ங்கிற பெரிய மான் மரக்கன்னுகளைத் தின்னே காட்டை அழிச்சிடுச்சுன்னு மரம் திரும்ப வளர போட்டது. அந்த மூஸ்தான் உங்க அடுத்த கவலை. இருட்டினதும் ராத்திரி தங்கப் போற ஷெட்டிகாம்ப் ஊர் வரைக்கும் மெதுவா ஓட்டுங்க, அதோட கண்ணு ஹெட்லைட்டுக்கு மேல இருக்கிறதால மின்னாது, கருப்பு உருவமாதான் திடீர்னு நிக்கும்.

மூணாம் நாள் மார்கரி பள்ளத்தாக்கு வழியா திரும்புங்க, இலைக்கு அதுதான் இடம். பகல்ல வெயிலும் ராத்திரி உறையாத குளிரும் இருந்தா மேப்பிள்ல செவப்பு தூக்கலா வரும், மஞ்சள் இலைக்குள்ள ஏற்கனவே இருக்கிறதுதான், பச்சை போனதும் வெளிய தெரியுது. பொதுவா அக்டோபர் ரெண்டாவது வாரம் சரியா இருக்கும், ஆனா அதே சமயம் செல்டிக் கலர்ஸ்னு ஒன்பது நாள் இசை விழா நடக்கும், ரூமெல்லாம் புக் ஆகி முடிஞ்சிடும், கோடைலயே புக் பண்ணிடுங்க.

அக்டோபர்ல வர்ற கனடா தேங்க்ஸ்கிவிங் முடிஞ்சா நிறைய ஹோட்டல் ஷட்டரை இறக்கிடுவாங்க, அதனால ஒரு டப்பா புளிசாதம் கூடவே இருக்கட்டும். மேப்பை ஆஃப்லைன்ல இறக்கிக்கோங்க, நடுவுல சிக்னல் செத்துடும். பெட்ரோல் இங்கோனிஷ்லயும் ஷெட்டிகாம்ப்லயும் பாதி டேங்க் இருந்தாக்கூட ரொப்பிடுங்க. ட்ரெயில் நடுவுல கேப் பிரெட்டன் ஹைலண்ட்ஸ் நேஷனல் பார்க் வரும், அதுக்கு பாஸ் வாங்கணும். ஷெட்டிகாம்ப்ல தென்கிழக்குக் காத்து மலைல இருந்து இறங்கி அடிக்கும், அதுக்குன்னு அந்த ஊர்ல தனிப் பேரே உண்டு, அன்னிக்கு கார் கதவை ரெண்டு கையால புடிச்சுத் திறங்க.