ஃபிளாஷைக் கேமராவிலிருந்து கழற்றியாச்சு: இனி கேபிளா, ஒயர்லெஸ் டிரிக்கரா?

கேமராவின் தலையில் உட்கார்ந்திருக்கும் ஃபிளாஷ் முகத்தை நேருக்கு நேர் அடிக்கும். மூக்கு, கன்னம், தாடை எல்லாம் ஒரே தட்டையாகிவிடும். அதே ஃபிளாஷைக் கழற்றி, ஒரு கை நீளம் பக்கவாட்டில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே பிடித்து எடுத்துப் பாருங்கள். மூக்குக்கு ஒரு நிழல் விழும், கன்னத்தில் மேடு பள்ளம் தெரியும், முகத்துக்கு உருவம் வந்துவிடும். இதைப் பார்த்த பிறகு யாருக்கும் ஃபிளாஷைத் திரும்ப மேலே மாட்ட மனசு வராது.

கழற்றியாச்சு, சரி. ஷட்டர் எப்போது திறக்கிறது என்று ஃபிளாஷுக்கு இனி யார் சொல்வது? அந்த வேலைதான் டிரிக்கருடையது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே ஃபிளாஷ், அதுவும் கையில் பிடித்தபடி என்றால் டிடிஎல் கேபிள் (ஃபிளாஷின் வெளிச்ச அளவைக் கேமராவே தீர்மானிக்க விடும் கேபிள்) போதும். ஃபிளாஷ் உங்கள் கையை விட்டு ஸ்டாண்டுக்குப் போகிறது என்றால் ரேடியோ டிரிக்கர். ஏன் என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: ஃபிளாஷின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள்

பெரும்பாலான ஃபிளாஷ்களில் நடுவில் பெரிதாக ஒரு முனை, அதைச் சுற்றிச் சின்னச் சின்ன முனைகள் இருக்கும். நடு முனையும் ஓரத் தகடும் இணைந்தால் ஃபிளாஷ் அடிக்கும். வெறுமனே அடிக்க வைக்க அந்த இரண்டே போதும். மற்றச் சின்ன முனைகள் கேமராவும் ஃபிளாஷும் பேசிக்கொள்ள. எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று கேமராவே அளந்து சொல்லும் டிடிஎல், வேகமான ஷட்டருக்கான ஹை ஸ்பீடு சிங்க் எல்லாம் அதன் வழியாகத்தான் நடக்கும். இந்த முனைகள் இருக்கும் இடமும் பேசும் மொழியும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. அதனால் கேனானுக்கான டிடிஎல் கேபிளை நிக்கானில் மாட்டினால் டிடிஎல் வேலை செய்யாது. டிரிக்கருக்கும் இதே கதைதான். வாங்கும்போது ஃபிளாஷின் பெயரோடு கேமராவின் பெயரையும் சொல்லி வாங்குங்கள்.

பழைய ஃபிளாஷ் ஏதாவது வீட்டில் கிடந்தால் ஒரு எச்சரிக்கை. ஃபிலிம் காலத்து ஃபிளாஷ்கள் சிலவற்றில் அந்த நடு முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அது டிஜிட்டல் கேமராவின் உள்சுற்றைப் பாழாக்கிவிடலாம். ஃபிளாஷை ஆன் செய்து, முழுதாகச் சார்ஜ் ஆனதும், மல்டிமீட்டரின் ஒரு முனையை நடுவிலும் மற்றொன்றை ஓரத் தகட்டிலும் வைத்து அளந்துகொள்ளுங்கள். கேமரா தாங்கும் அளவு அதன் கையேட்டில் இருக்கும். அதற்கு மேல் போனால் கேபிளில் இணைக்கவே வேண்டாம்.

படி 2: தூரத்தையும் எண்ணிக்கையையும் பாருங்கள்

கேபிள் குட்டையானது என்பதுதான் எல்லோரும் சொல்லும் குறை. ஆனால் ஃபிளாஷ் எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபிளாஷ் 1 மீட்டரில் இருந்து 2 மீட்டருக்குப் போனால் முகத்தில் விழும் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடுகிறது. வெளிச்சத்தை மென்மையாக்கக் குடையோ சாஃப்ட்பாக்ஸோ (முன்புறம் வெள்ளைத் துணி போட்ட பெட்டி) போட்டாலும் கிட்டே இருந்தால்தான் நிழல் மென்மையாக வரும். ஆக, ஒருவரின் முகத்தை மட்டும் எடுக்கும்போது ஃபிளாஷ் எப்படியும் பக்கத்தில்தான் இருக்கப் போகிறது. அந்த இடத்தில் கேபிளின் நீளம் ஒரு குறையே இல்லை.

முழு ஆள் வேண்டும், பின்னாலிருந்து தலைமுடிக்கு இன்னொரு வெளிச்சம் வேண்டும், நீங்கள் நகர்ந்து நகர்ந்து எடுக்க வேண்டும் என்றால் அப்போது கதை மாறுகிறது.

படி 3: கேபிள் என்றால் எந்தக் கேபிள்?

இரண்டு வகை உண்டு. டிடிஎல் கேபிளின் ஒரு முனை கேமராவின் ஹாட் ஷூவில் (தலையில் ஃபிளாஷ் மாட்டும் இடம்) உட்காரும், மறுமுனையில் ஃபிளாஷ் உட்காரும். படி 1-இல் பார்த்த எல்லா முனைகளையும் அப்படியே நீட்டித் தருவதால், ஃபிளாஷ் இன்னும் கேமராவின் மேலேயே இருப்பதாகத்தான் கேமரா நினைத்துக்கொள்ளும். கேபிளுக்குத் தனியாக பேட்டரி கிடையாது, பொருத்திவைக்க ரேடியோ சேனல் கிடையாது, தாமதம் கிடையாது. மாட்டினால் அடிக்கும். கற்றுக்கொள்ளும் காலத்தில் இது பெரிய நிம்மதி. படம் சரியில்லை என்றால் வெளிச்சத்தை மட்டும் யோசித்தால் போதும், கருவியைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

இன்னொன்று பிசி கேபிள். கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிரான்டர், காம்பூர் என்ற இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பிசி. இது ‘அடி’ என்ற ஒரு செய்தியை மட்டும் கொண்டுபோகும், டிடிஎல் இல்லை. அதன் சின்ன வட்ட முனை லேசான இழுப்புக்கே நழுவும். பல கேமராக்களில் அதற்கான துளையே இருப்பதில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

சுருள் கேபிள் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அட்டையில் போட்டிருக்கும் நீளம் முழுக்க இழுத்துப் பிடித்தால் வருவது. அவ்வளவு இழுத்தால் சுருள் திரும்பி இழுக்கும், அந்த இழுப்பு முழுவதும் உங்கள் ஹாட் ஷூவின் மேல்தான் விழும். நிம்மதியாக வேலை செய்ய அதில் பாதியைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை நீளமான கேபிளைத் தரையில் ஓட்டி, ஸ்டாண்டில் இருந்த ஃபிளாஷை இணைத்திருந்தேன். ஒரு குழந்தை ஓடிவந்ததில் கால் மாட்டி, ஸ்டாண்டு சாய்ந்தது. நல்லவேளை, குழந்தையின் மேல் விழவில்லை. அன்றிலிருந்து ஆட்கள் நடமாடும் இடத்தில் தரையில் கேபிள் போடுவதே இல்லை. உங்களையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், போடாதீர்கள்.

படி 4: ஒயர்லெஸ் என்றால் ரேடியோ

கம்பியில்லாமல் இயக்க ஒளி வழியும் உண்டு. ஒரு ஃபிளாஷ் அடிப்பதைப் பார்த்து இன்னொன்று அடிக்கும். அறைக்குள் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் நல்ல வெயிலிலும், ஃபிளாஷ் தூணுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும் சொதப்பும். இப்படிப் பார்த்து அடிக்கும் ஃபிளாஷில் எஸ்1, எஸ்2 என்று இரண்டு நிலைகள் இருந்தால், முதலில் அடிக்கும் ஃபிளாஷ் டிடிஎல்லில் இருக்கும்போது எஸ்2 வையுங்கள். எஸ்1 வைத்தால் அளவெடுக்க வரும் முன்வெளிச்சத்துக்கே அடித்துவிட்டு, படம் எடுக்கும்போது சும்மா இருக்கும்.

ரேடியோவுக்குப் பார்வை தேவையில்லை. இன்று கிடைப்பவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்குகின்றன. கேனான் 2012-இல் 600இஎக்ஸ்-ஆர்டி ஃபிளாஷுக்குள்ளேயே ரேடியோவை வைத்தது. கோடாக்ஸ் போன்ற கம்பெனிகளிலும் ரிசீவர் (ரேடியோ செய்தியை வாங்கும் பகுதி) உள்ளேயே இருக்கும் ஃபிளாஷ்கள் நிறைய. வாங்குவதாக இருந்தால் அப்படிப்பட்ட ஃபிளாஷும் அதே கம்பெனி டிரான்ஸ்மிட்டரும் (கேமராவில் மாட்டி, செய்தியை அனுப்பும் டிரிக்கர்) வாங்குங்கள். தனி ரிசீவர் மாட்டும்போது பேட்டரி போட ஓர் இடம் கூடுகிறது, தளர்ந்துபோக ஓர் இணைப்பும் கூடுகிறது.

முதல்முறை அமைக்கும் வரிசை இது. இரண்டையும் அணைத்துவிட்டு டிரான்ஸ்மிட்டரை ஹாட் ஷூவில் ‘டக்’ என்று உட்காரும்வரை தள்ளிப் பூட்டுங்கள். சோனி ஷூவில் முனைகள் முன்விளிம்பில், உள்ளே தள்ளி இருப்பதால் கடைசிவரை போனால்தான் தொடும். பிறகு கேமரா, டிரிக்கர், ஃபிளாஷ் மூன்றையும் ஆன் செய்து, இரு பக்கமும் ஒரே சேனல் வையுங்கள். கோடாக்ஸில் 1 முதல் 32 வரை சேனல், அதோடு ஐடி என்று ஒரு எண்ணும் உண்டு. இரண்டும் பொருந்த வேண்டும். ஃபிளாஷைக் குரூப் ஏ-யில் போடுங்கள் (பல ஃபிளாஷ்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தத்தான் இந்தக் குரூப்). டிரான்ஸ்மிட்டரின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். அடித்ததா? இப்போது ஷட்டரை அழுத்துங்கள்.

படி 5: முதல் படம்

கேபிளோ ரேடியோவோ, இது இரண்டுக்கும் பொது. கேமராவை மேனுவலில் வைத்து ஐஎஸ்ஓ 200, எஃப் 5.6, 1/160 வினாடி. ஃபிளாஷை அணைத்து ஒன்று எடுங்கள். அறைக்குள் படம் ஏறக்குறைய கறுப்பாக வர வேண்டும். இப்போது ஃபிளாஷை மேனுவலில் 1/16 சக்தியில் வைத்து எடுங்கள். தெரிவதெல்லாம் ஃபிளாஷின் வெளிச்சம்தான். போதவில்லை என்றால் 1/8, அதிகமென்றால் 1/32.

ஷட்டரை 1/200 அல்லது 1/250-க்கு மேல் கொண்டுபோனால் பல கேமராக்களில் படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். ஃபிளாஷ் அடித்த நொடியில் ஷட்டரின் திரை சென்சாரின் ஒரு பகுதியை மூடியிருந்தது என்று பொருள். சில மலிவான ரேடியோ டிரிக்கர்கள் கொஞ்சம் தாமதிக்கும், அவற்றில் 1/200-லேயே பட்டை வரலாம். 1/160 அல்லது 1/125-க்கு இறங்குங்கள், போய்விடும். ஹை ஸ்பீடு சிங்க் போட்டு வேகத்தைக் கூட்டலாம். ஆனால் ஃபிளாஷின் சக்தி கணிசமாகக் குறையும்.

படி 6: அடிக்கவில்லை என்றால்

டெஸ்ட் பொத்தானுக்கு அடிக்கிறது, ஷட்டருக்கு அடிக்கவில்லை என்றால் ரேடியோவில் பிழையில்லை. பிழை கேமராவுக்கும் டிரிக்கருக்கும் இடையே. ஷூவில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள், அப்புறம் சைலன்ட் ஷட்டர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். பல கேமராக்களில் அது ஆனில் இருந்தால் ஃபிளாஷ் அடிக்கவே அடிக்காது. நான் இதில் ஒரு மாலை நேரம் முழுவதையும் இழந்திருக்கிறேன்.

டெஸ்டுக்கும் அடிக்கவில்லை என்றால் சேனல், ஐடி, குரூப், பேட்டரி என்ற வரிசையில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும், ஃபிளாஷ் டிரிக்கருக்கு மிக அருகில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சில டிரிக்கர்கள் தடுமாறும். கோடாக்ஸ் மெனுவில் இதற்கென்றே 0–30 மீட்டர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதைத் தேர்ந்தெடுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் பையிலிருந்து டிடிஎல் கேபிளை எடுத்து மாட்டுங்கள். கேபிளில் அடித்தால் ஃபிளாஷ் நலமாக இருக்கிறது, டிரிக்கரைத்தான் பார்க்க வேண்டும். அதுவரை படப்பிடிப்பையும் கேபிளிலேயே தொடரலாம். ரேடியோவுக்கு மாறிய பிறகும் என் பையில் அந்தக் கேபிள் இருப்பது இதற்காகத்தான்.