புது கானா, இண்டி (சினிமா சாராத சுயாதீன) பேண்டுகளைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி

யூடியூபில் பாடகர் பெயரைத் தேடாதீங்க, ரெக்கார்டிங் ஸ்டூடியோ பெயரைத் தேடுங்க. வடசென்னையில் வியாசர்பாடி, காசிமேடு, புளியந்தோப்புப் பக்கம் உங்களுக்குப் பிடிச்ச ஒரு பாட்டைத் திறந்து, கீழே இருக்கும் விவரத்தை முழுசா விரிச்சுப் பாருங்க. எந்த ஸ்டூடியோ, மிக்சிங், மாஸ்டரிங், டோலக், கீபோர்டு யார்னு போட்டிருப்பாங்க. அந்தப் பெயர்களில் ஒண்ணைத் தேடி, ஃபில்டரில் 'இந்த மாதம்' வைங்க.

பேரே தெரியாத பேண்டை நீங்க தேட முடியாது. ஆனா ஒரு சின்ன ஸ்டூடியோவுக்கு அந்த ஏரியாவின் பல பசங்க வருவாங்க. டோலக் வாசிக்கிறவரும் நாலு குழுவுக்கு வாசிப்பார். அதனால பார்வை நூறைத் தாண்டாத பாட்டும் கண்ணில் படும், அதில்தான் நிஜமான புதுசு இருக்கு. ஆங்கில எழுத்தில் கானாவை gana, gaana ரெண்டு விதமாவும் போட்டுப் பாருங்க, முடிவுகள் மாறும்.

விவரமே எழுதாம ஏத்துற பாட்டுக்கும், வீட்டிலேயே போனில் பதிவு பண்றவங்களுக்கும் இது உதவாது. சாவு வீட்டில், கல்யாணக் கச்சேரியில் மட்டும் பாடும் மூத்த கானாக்காரர்கள் பலர் ஸ்டூடியோ பக்கமே போறதில்லை. அவங்களை நேரில் போய்த்தான் கேக்கணும்.