பச்சை டயல் டைவர் வாட்ச்: கிரவுனில் செய்யும் தவறு

சீக்கோ சுமோவின் பச்சை டயல் மாடலை (எஸ்பிபி103) புதிதாக வாங்குகிறவர்கள் கண்ணாடியில் கீறல் விழுமோ என்றுதான் முதலில் பயப்படுகிறார்கள். அது சஃபயர், லேசில் கீறாது. பயப்பட வேண்டிய இடம் 4 மணிப் பக்கம் இருக்கும் கிரவுன், அதாவது நேரத்தையும் தேதியையும் சரிசெய்யும் குமிழ். பழைய ஆட்கள் காசைத் தொலைத்ததும் அங்கேதான்.

கிரவுனை அவசரமாக மூடுவது

இதன் கிரவுன் மரையில் திருகி மூடும் வகை. 200 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்ற உறுதி அது முழுதாக மூடியிருந்தால் மட்டுமே. பெரும்பாலும் நடப்பது இதுதான்: காலையில் அவசரமாகத் தேதியைச் சரிசெய்கிறார்கள், கிரவுனை உள்ளே அமுக்கியதும் மூடிவிட்டதாக நினைக்கிறார்கள். சாயங்காலம் கடலில் இறங்குகிறார்கள். இரவில் கண்ணாடியின் உள்பக்கம் ஆவி படிகிறது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் ஆவி மறையலாம். உப்பு உள்ளேயே தங்கும். இரும்புப் பாகங்களில் துரு பிடிக்கும், பச்சை டயலில் கறை விழும். அன்றைக்கே மெக்கானிக்கிடம் திறந்து சுத்தம் செய்தால் பிழைக்கும். ஒரு வாரம் தள்ளினால் மெஷினையே மாற்ற வேண்டி வரலாம்.

இன்னொரு வகை இதைவிட எரிச்சல் தருவது: மரை கோணலாக ஏறிவிட்டது தெரிந்தும், இறுக்கினால் சரியாகிவிடும் என்று பலத்தைக் காட்டுவது. மரை ஒருமுறை போய்விட்டால் கிரவுன் மாற்றுவதோடு வேலை முடியாது, கிரவுன் திருகி ஏறும் குழாயும் கெட்டிருக்கும். குழாய் கேஸோடு (வாட்சின் வெளிக்கூடு) ஒட்டிய மாடல் என்றால் செலவு எங்கேயோ போகும்.

செய்ய வேண்டியது: கிரவுனை உள்ளே அமுக்கிப் பிடித்தபடியே முதலில் பின்பக்கமாக, கழற்றும் திசையில், மெதுவாகத் திருப்புங்கள். மரை வாய் பொருந்தும் இடத்தில் சின்னதாக ஒரு 'டக்' விரலில் தெரியும். அங்கிருந்து முன்பக்கம் திருகினால் வெண்ணெய் மாதிரி போகும். தடுத்தால் உடனே நிறுத்தி மறுபடி தொடங்குங்கள். நின்ற பிறகு விரல் பலத்துக்கு மேல் இறுக்காதீர்கள், உள்ளிருக்கும் ரப்பர் வாஷர் நசுங்கும்.

தினமும் சாவி கொடுப்பதும் வேண்டாம். இதில் உள்ள 6ஆர்35 ஆட்டோமேட்டிக் மெஷின், முழுதாக ஏறினால் 70 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு கழற்றி வைத்தாலும் திங்கள் காலை ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை திறப்பதும் மரைக்குத் தேய்மானம்தான்.

இரவில் தேதி மாற்றுவது

9 மணி முதல் அதிகாலை 4 வரை தொடாதீர்கள். அந்த நேரத்தில் தேதிப் பல் சக்கரம் பிடியில் இருக்கும், உடைந்துவிடலாம்.

வெந்நீர்க் குளியல்

சூடும் சோப்பும் வாஷரைக் கெடுக்கும். கழற்றி வையுங்கள்.

கடலுக்குப் பிறகு

கிரவுன் மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு, நல்ல தண்ணீரில் 10 நிமிடம் ஊறவிட்டு பெசலை (டயலைச் சுற்றி இருக்கும், நீருக்குள் கழிந்த நேரத்தைப் பார்க்க உதவும் வளையம்) இரண்டு சுற்று சுற்றுங்கள். உப்பும் மணலும் அடியில் காய்ந்தால் பெசல் இறுகிவிடும். ஒரே திசையில் சுற்றுவது கோளாறு அல்ல. தெரியாமல் இடித்து நகர்ந்தாலும் நீருக்குள் கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. எதிர்த்திசையில் முறுக்கிப் பார்க்காதீர்கள்.

பட்டை மாற்றும்போது

சீக்கோ டைவர் வாட்ச்களில் பட்டையைக் கேஸோடு பிடித்து வைக்கும் பின் சாதாரணப் பின்னைவிடத் தடிமன். கடையில் கிடைக்கும் மெல்லிய 20 மி.மீ. பின்னைப் போட்டால் துளைக்குள் ஆடும், ஒருநாள் கையிலிருந்து நழுவும். பழைய பின்னையே எடுத்து வைத்துப் போடுங்கள்.