ஸ்வீட் கார்ன் கெடுவது ஃப்ரீசரில் அல்ல

சென்ற ஆண்டு உழவர் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு டஜன் ஸ்வீட் கார்ன் கதிர்களை வாங்கி வந்தேன். சனிக்கிழமை காலை வாங்கியவை ஞாயிறு மாலை வரை சமையலறை மூலையில் துணிப்பையிலேயே கிடந்தன. பிறகு அவசர அவசரமாக ஆறாறு கதிர்களாக ஒரே பாத்திரத்தில் திணித்து, மூன்று நிமிடம் அடுப்பில் வைத்து, குழாய்த் தண்ணீரில் அலசி, முத்துகளைச் சீவி, எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்தேன். ஒரு மாதம் கழித்துச் சூப்பில் போட்டபோது முத்துகள் ரப்பர் போல இருந்தன. நனைந்த வைக்கோலின் வாசம் வேறு. ஃப்ரீசர் பழுதாகிவிட்டதோ என்று மெக்கானிக்கை அழைக்கக்கூட நினைத்தேன். உண்மையில் ஃப்ரீசர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. நான் கெடுத்து வைத்ததை அது அப்படியே காப்பாற்றித் தந்தது, அவ்வளவுதான்.

முதல் தவறு பையை மூலையில் போட்டதுதான். சோளக்கதிர் பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சு விடுகிறது, தன் சர்க்கரையைச் செலவழிக்கிறது, மீதியை மாவுச்சத்தாக மாற்றிக்கொள்கிறது. பழைய இனிப்பு வகைகளில், 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரே நாளில் சர்க்கரையில் ஏறத்தாழ 60 சதவீதம் மாவாகிவிடும் என்றும், 0 டிகிரியில் வைத்தால் அதே ஒரு நாளில் சுமார் 6 சதவீதம்தான் மாறும் என்றும் அறுவடைக்குப் பிந்தைய பாதுகாப்பு பற்றிய நூல்கள் கணக்குச் சொல்கின்றன. நம் ஊர்ச் சமையலறைக்கு 30 டிகிரி என்பதே குளிர்ச்சியான நாள். ஆகவே வாங்கிய அன்றே வேலையை முடித்துவிட வேண்டும். முடியாவிட்டால் மேல்தோகையை உரிக்காமல், காற்றுப் போக இடம்விட்ட பாலித்தீன் பையில் ஃப்ரிட்ஜின் குளிர்ந்த தட்டில் வைத்து மறுநாளைக்குள்ளாவது முடிக்க வேண்டும்.

‘ஆனால் இப்போது வருகிற ஸ்வீட் கார்ன் மூன்று நாளானாலும் இனிக்கிறதே’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜான் லாக்னன் என்ற மரபியலாளர், காய்ந்தால் சுருங்கிப்போகிற ஒரு வகைச் சோளமணி அளவுக்கு மீறி இனிப்பதைக் கவனித்து 1953இல் எழுதினார். சர்க்கரையை மாவாக்கும் பாதையில் அந்த மணிக்குள் ஓர் இடத்தில் அடைப்பு இருக்கிறது. அதனால் சர்க்கரை நெடுநேரம் சர்க்கரையாகவே நின்றுவிடுகிறது. ‘சூப்பர் ஸ்வீட்’ என்று விற்கப்படும் ஒட்டு ரகங்கள் பல அந்த வழியில் வந்தவை. இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். இனிப்பு நிலைத்திருப்பதால் கதிர் புதியது என்று நினைத்துவிடுகிறோம். இதற்குள் நீர் வற்றி, முத்தின் தோல் தடித்து, வாசம் குறைந்திருக்கும். இனிப்பைக் கொண்டு புதுமையை அளக்க முடியாது. தோகை பச்சையாகவும் ஈரமாகவும் கதிரோடு ஒட்டியிருக்கிறதா, காம்பு வெட்டிய இடம் காய்ந்து பழுப்பேறாமல் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. நுனியில் நார் பழுப்பாகக் காய்ந்திருப்பது முற்றியதன் அடையாளம் அல்ல, பறிக்கும் பருவம் வந்ததன் அடையாளம். தோகைக்குள் இருக்கும் நார் வெளிர் நிறமாக இருந்தால் போதும். ஐயம் இருந்தால் ஒரு முத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். பால் போலக் கசிந்தால் சரியான பருவம்; தெளிந்த நீராக வந்தால் பிஞ்சு; எதுவும் கசியாமல் மாவாக நசுங்கினால் அது ஃப்ரீசருக்கு உரியதல்ல, அடைக்கோ சுண்டலுக்கோ உரியது.

கடைக்காரர் முன்னால் தோகையை முழுக்க உரித்துப் பார்த்துவிட்டு வேண்டாமென்று திரும்ப வைப்பதும் ஒரு தவறுதான், ஆனால் அது நம் சோளத்துக்கு அல்ல, அவருடைய சோளத்துக்கு நேரும் தவறு.

இனி அடுப்பு. காய்கறிகளை உறைய வைப்பதற்கு முன் கொதிநீரில் சில நிமிடம் போட்டு எடுத்து உடனே குளிர வைப்பதைச் சமையல் வகுப்புகளில் பிளாஞ்சிங் என்கிறார்கள். பலர் இதைக் கிருமி நீக்கம் என்றோ அரைவேக்காடு என்றோ எண்ணி, ‘எப்படியும் பிறகு சமைக்கத்தானே போகிறோம்’ என்று விட்டுவிடுகிறார்கள். இதன் முதன்மையான நோக்கம் வேறு. கதிருக்குள் இருக்கும் நொதிகள் (என்சைம்கள்) ஃப்ரீசரின் குளிரிலும் முழுதாக உறங்குவதில்லை. மெதுவாக வேலை செய்துகொண்டே இருந்து, மணிகளில் உள்ள சிறிதளவு கொழுப்பைச் சிதைத்து, அந்த வைக்கோல் வாசத்தை உண்டாக்குகின்றன. கொதிநீர் அந்த நொதிகளை முடக்குவதற்காகத்தான். அரைகுறையாகச் செய்வது செய்யாமலிருப்பதைவிட மோசம்: வெதுவெதுப்பான சூடு நொதிகளை முடக்காமல் அவற்றின் வேகத்தைக் கூட்டிவிடும். நான் செய்தது இதைத்தான்.

எவ்வளவு நேரம் என்பதில்தான் பெரும் குழப்பம். முழுக்கதிராக உறைய வைப்பதற்கு ஒரு கணக்கு, முத்தாக உதிர்த்து வைப்பதற்கு வேறொரு கணக்கு. முழுக்கதிராக வைப்பதானால், 3 செ.மீ. விட்டத்துக்கு உட்பட்ட சிறு கதிருக்கு 7 நிமிடம், நடுத்தரக் கதிருக்கு 9 நிமிடம், 4 செ.மீ.க்கு மேல் பருமனான கதிருக்கு 11 நிமிடம் தேவை. நம் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் மூன்றாம் வகை. முத்தாக வைப்பதானால் கதிரோடு 4 நிமிடம் போதும். இந்த வேறுபாடு ஏன்? முத்துகள் நான்கு நிமிடத்தில் சூடாகிவிடும். நடுவிலுள்ள தடித்த தண்டுக்குள் சூடு இறங்கத்தான் அத்தனை நேரம் பிடிக்கிறது. முத்தைச் சீவி எடுத்தால் தண்டு விலகிவிடுகிறது, அதன் நொதிகளைப் பற்றிக் கவலையில்லை. கதிராகவே வைத்தால் தண்டும் கூடவே ஃப்ரீசருக்குள் போகிறது, நன்றாக முடக்கப்படாத அதன் வாசம் மாதக்கணக்கில் முத்துகளுக்குள் ஏறுகிறது. நான்கு நிமிடக் குறிப்பை எங்கோ படித்துவிட்டு முழுக்கதிருக்கும் அதையே கையாள்பவர்கள், இரண்டு மாதம் கழித்து ‘கட்டை வாசம் அடிக்கிறது’ என்பதற்குக் காரணம் இதுவே.

நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது என்பதும் முக்கியம். கதிரைப் போட்டதும் தண்ணீர் கொதிப்பு அடங்கும். ஒரு நிமிடத்துக்குள் மீண்டும் தளதளவென்று கொதிக்க வேண்டும். அதன்பிறகே கடிகாரம் ஓட வேண்டும். ஒரு நிமிடத்தில் கொதிக்கவில்லையென்றால் சோளம் அதிகம், தண்ணீர் குறைவு. அரைக் கிலோ சோளத்துக்கு 4 லிட்டர் தண்ணீர் என்பது சரியான அளவு, அதாவது பெரிய கதிரானால் ஒரு தடவைக்கு இரண்டு. ஒரு டஜனுக்கு ஆறு தடவை. அலுப்பான வேலைதான், மறுக்கவில்லை. இட்லிப் பாத்திரத்தில் ஆவியில் வைத்துவிடலாமே என்றால், நேரத்தை ஒன்றரை மடங்காக்கி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஒரே வரிசையாக வைத்தால் செய்யலாம். அடுக்கினால் இடையில் மாட்டிக்கொண்ட கதிர்கள் வெறும் வெந்நீர் குளியலோடு வெளியே வரும்.

சிலர் பச்சைக் கதிரிலிருந்தே முத்துகளைச் சீவிவிட்டு, பிறகு கொதிநீரில் போடுகிறார்கள். அறுபட்ட முத்தின் பால் முழுவதும் தண்ணீரில் கரைந்துபோகும். மிஞ்சுவது தோலும் சக்கையும். கதிரோடு போட்டு எடுத்துக் குளிரவைத்துச் சீவினால் பால் உள்ளேயே சற்று உறைந்து நிற்கும்.

குளிரவைப்பதைப் பற்றிச் சொல்லும்போது நம் ஊரின் வெயிலை மறக்கக் கூடாது. சித்திரையில் மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீரே கையைச் சுடுகிறது; அதில் அலசினால் கதிர் குளிராது, மெதுவாக வெந்துகொண்டேயிருக்கும். அரைக் கிலோ சோளத்துக்கு அரைக் கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும், ஆகவே முதல் நாளே கிண்ணங்களில் தண்ணீரை உறைய வைத்திருக்க வேண்டும். கொதிநீரில் இருந்த அதே அளவு நேரமாவது ஐஸ் தண்ணீரில் கிடக்கட்டும். முழுக்கதிரில் வெளியே தொட்டால் சில்லென்றிருக்கும், உள்ளே தண்டு கனன்றுகொண்டிருக்கும்; ஒரு கதிரை இரண்டாக ஒடித்து, தண்டின் நடுவில் விரலை வைத்துப் பார்ப்பதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது. பிறகு துணியில் பரப்பி ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும்.

சீவும்போது கத்தி தண்டை உரசும்படி ஆழமாக இறக்கக் கூடாது. முத்தின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு வெட்டுவது போதும். அடிப்பகுதியில் இருப்பது பல்லிடுக்கில் மாட்டும் கடினமான செதில். அதைச் சேர்த்தால் எடை கூடும், சுவை கூடாது.

முத்துகளை அப்படியே பையில் கொட்டினால் பாறாங்கல்லாக உறைந்து, ஒரு கைப்பிடி வேண்டுமானாலும் முழுவதையும் உருக்க நேரும். பெரிய எவர்சில்வர் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு மணி நேரம் உறையவிட்டு, பிறகு கனமான ஜிப் பையில் மாற்றிக் காற்றை அழுத்தி வெளியேற்றித் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். கடையில் தரும் மெல்லிய பை காற்றையும் ஈரத்தையும் தடுக்காது. மொத்தச் சோளத்தையும் ஒரே நாளில் ஃப்ரீசரில் அடைப்பதும் கூடாது. சுமார் 30 லிட்டர் கொள்ளளவுக்கு ஒரு நாளில் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்தான் தாங்கும். அதற்கு மேல் திணித்தால் உறைவது மெதுவாகும், மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து முத்தின் சுவர்களைக் கிழிக்கும், உருக்கும்போது தண்ணீராக வடியும்.

நட்சத்திரக் குறி குறித்தும் ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜின் முன்புறம் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்கள் மின்சாரச் சிக்கனத்தைக் குறிப்பவை. அவை ஐந்து இருந்தாலும் ஃப்ரீசரின் குளிரைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஃப்ரீசர் பகுதியில் தனியாகப் பொறிக்கப்படும் நட்சத்திரங்களே குளிரைச் சொல்பவை: ஒன்று என்றால் மைனஸ் 6 டிகிரி, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. எட்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை தரம் குறையாது என்ற கணக்கு மைனஸ் 18க்கு உரியது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சிறிய ஐஸ் பெட்டியில் அவ்வளவு காலம் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம். சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள்.

சமைக்கும் இடத்தில் நடக்கும் தவறுகளுக்குப் பெரும்பாலும் பெயர்தான் காரணம். தமிழில் ‘சோளம்’ என்றாலே பழைய காலத்தில் வெள்ளைச் சோளம், இருங்குச் சோளம் போன்ற வேறு தானியம்; ‘மக்காச்சோளம்’ பின்னால் வந்தது; ஸ்வீட் கார்ன் அதற்கும் பின்னால் வந்த இளையவர். கடற்கரை வண்டியில் கரி நெருப்பில் வாட்டி மிளகாய்ப்பொடியும் எலுமிச்சையும் தேய்த்துத் தரும் நாட்டு மக்காச்சோளத்துக்குக் குக்கரில் நான்கைந்து விசில் வேண்டும். அதே பழக்கத்தில் ஸ்வீட் கார்னுக்கும் விசில் எண்ணுவதால்தான் முத்துகள் வெடித்துக் குழைகின்றன. புதிய கதிருக்குக் கொதிநீரில் மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். குக்கர்தான் வேண்டுமென்றால் ஒரே விசில், ஆவியை உடனே விட்டுவிட வேண்டும்.

உறைந்த முத்துகளை வெளியே வைத்து உருக்கிவிட்டுச் சமைக்கத் தேவையில்லை. நேரே சூடான வாணலியில் போடலாம். ஒரே நேரத்தில் நிறையக் கொட்டினால் மட்டும் சூடு இறங்கி, வதங்குவதற்குப் பதிலாக வேகும். குருமாவிலும் உப்புமாவிலும் கடைசி நான்கு நிமிடத்தில் சேர்த்தால் முத்து முத்தாக நிற்கும். முழுக்கதிருக்கு இது பொருந்தாது. அதை ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் பாதியளவு இளகவிட்டுச் சமைக்க வேண்டும். இல்லையெனில் முத்து வெந்து குழைந்த பிறகும் தண்டு பனிக்கட்டியாக இருந்து, தட்டில் வைத்த இரண்டாவது நிமிடத்தில் எல்லாவற்றையும் ஆறச் செய்துவிடும்.

‘ஏற்கெனவே வேகவைத்ததுதானே’ என்று ஃப்ரீசரிலிருந்து எடுத்து நேரே சாலட்டில் தூவுவதுதான் இவற்றில் உண்மையிலேயே ஆபத்தான தவறு. மற்றவை எல்லாம் சுவையைக் கெடுப்பவை, இது உடலைக் கெடுக்கும். உறைய வைப்பது கிருமிகளைத் தூங்கவைக்குமே தவிரக் கொல்லாது. 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் பல நாடுகளில் பரவிய லிஸ்டீரியா தொற்றுக்கு உறைந்த சோளமும் அதனோடு பதப்படுத்தப்பட்ட காய்கறிகளும் காரணமென்று கண்டறிந்தார்கள். 2018 நடுப்பகுதி வரையான கணக்கில் 47 பேர் பாதிக்கப்பட்டு 9 பேர் இறந்திருந்தார்கள். கர்ப்பிணிகளும் முதியவர்களும் இருக்கும் வீட்டில் குறிப்பாக, சாலட்டுக்கான முத்துகளையும் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவிட்டு ஆறவைத்துச் சேருங்கள். மின்வெட்டில் உருகிய பையைப் பொறுத்தவரை, முத்துகளுக்கிடையே பனித்துகள் இன்னும் இருந்தால் மறுபடி உறைய வைக்கலாம், தரம் மட்டும் குறையும். முழுதாக இளகி, குளிர்ச்சி போய், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தால் குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

முத்துகளைச் சீவிய பிறகு மிஞ்சும் தண்டுகளை அன்றே எறிந்துவிடுவதை என் வீட்டில் நிறுத்திவிட்டேன். ஃப்ரீசரில் வாசத்தைக் கெடுக்கும் அதே தண்டு, பானையில் நல்லதைத் தருகிறது: நாலைந்தை ஒடித்துப் போட்டு, ஒரு துண்டு இஞ்சியோடு அரை மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு வடிகட்டினால், இளம் மஞ்சள் நிறத்தில் இனிப்பான சாறு கிடைக்கிறது. சூப்புக்கு அடித்தண்ணீராக அதையே ஊற்றுகிறேன்.