கல்லா ஒரு கணக்கு, டேஷ்போர்டு ஒரு கணக்கு: சேலத்து வியாபாரிகள் தவிர்க்க வேண்டிய டிஜிட்டல் மார்க்கெட்டிங் தவறுகள்

மாசக் கடைசியில் விளம்பரம் பார்த்துக்கொள்ளும் பையன் ஒரு பிடிஎஃப் அனுப்புவான். பக்கத்துக்குப் பக்கம் மேல்நோக்கிய பச்சை அம்புக்குறிகள். "அண்ணா, இந்த மாசம் ரீச் மட்டும் எட்டு லட்சம்ங்க" என்பான். ரீச் என்றால் விளம்பரம் எத்தனை பேர் கண்ணில் பட்டது என்ற கணக்கு. முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை பார்த்துவிட்டு, "ரீச்சு இருக்கட்டும் தம்பி, கல்லாவுல எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்பார். பேச்சு அங்கேயே நின்றுவிடும். செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் இளம்பிள்ளையிலும் நான் அதிகம் கேட்கிற உரையாடல் இது.

தரவை வைத்து விளம்பரம் செய்வது என்றால் தரவு நிறைய வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தரவுக்கு என்ன பஞ்சம்? ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப்பை நடத்தும் மெட்டாவும் கூகுளும் கேட்காமலேயே அள்ளிக் கொட்டுகின்றன. ஆனால் அது விளம்பர இடத்தை விற்கிறவர்கள் எழுதும் கணக்கு. அதை உங்கள் பில் புத்தகத்தோடு ஒப்பிடாத வரைக்கும் அடுத்த மாசம் எதில் பணம் போடுவது, எதை நிறுத்துவது என்று அது சொல்லாது. கீழே நான் சொல்லும் தவறுகளில் பாதிக்கு மேல் இந்த ஒப்பீடு இல்லாததால் வருபவை.

வியூஸை விற்பனையாக எண்ணுவது

தட்டுவடை செட் ரீல் ஒன்று போட்டால் நம்ம ஊரில் யாருக்கும் லட்சம் வியூஸ் வரும். பீட்ரூட்டும் கேரட்டும் துருவி, இரண்டு சட்னி தடவி, மேலே இன்னொரு தட்டுவடை வைத்து அமுக்கும் சத்தமே போதும். பார்க்கிறவர் துபாயில் இருக்கலாம், சிங்கப்பூரில் இருக்கலாம், ஊர் ஞாபகத்தில் பார்க்கிறவராக இருக்கலாம். அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் வண்டிக்கு முன்னால் வந்து நிற்கப் போவதில்லை. இன்ஸ்டாகிராமில் ரீல் ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ. ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் மூன்று.

இன்சைட்ஸ் பகுதியில் ஊர்வாரியாகப் பார்வையாளர்களைக் காட்டும் இடம் இருக்கிறது. அதில் சேலம் எத்தனை சதவீதம் என்று மட்டும் பாருங்கள். மொத்த வியூஸ் குறைந்து அந்தச் சதவீதம் கூடினால், கடை வைத்திருப்பவருக்கு அது நல்ல மாசம். பொடியோ ஊறுகாயோ கூரியரில் அனுப்புகிறவர் என்றால் கதை வேறு; அவருக்குத் துபாய்க்காரரும் வாடிக்கையாளர்தான்.

ரூபாயை வைத்து விளம்பரத்தை எடை போடுவது

இது வெள்ளிக் கொலுசு வியாபாரிகளைத்தான் அதிகம் ஏமாற்றுகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

விளம்பரச் செலவுக்கு எவ்வளவு விற்பனை வந்தது என்பதை 'ரோவாஸ்' என்று ஒரு விகிதமாகச் சொல்வார்கள். நூறு கிராம் கொலுசு ஒரு ஜோடி. வெள்ளி கிராம் 100 ரூபாய், கூலி 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் 11,000. அந்த ஒரு ஜோடியை விற்க 500 ரூபாய் விளம்பரத்துக்குப் போனால் ரோவாஸ் 22. கேட்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் 10,000 ரூபாய் உலோகத்தின் விலை. அது உங்கள் கையைத் தொட்டுவிட்டுப் போகும் பணம். உங்களுடையது கூலி 1,000 மட்டும். அதிலும் பட்டறைக்குக் கொடுப்பது தனி. விளம்பரம் அதில் பாதியைத் தின்றுவிட்டது.

இப்போது வெள்ளி கிராம் 150 ஆகிறது. அதே கொலுசு, அதே கூலி, அதே விளம்பரச் செலவு. பில் 16,000, ரோவாஸ் 32. பிடிஎஃபில் பச்சை அம்பு விர்ரென்று ஏறுகிறது. கடைக்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வரவில்லை. 2025இல் வெள்ளி விலை ஏறிய ஏற்றத்தில் இப்படி எத்தனை ரிப்போர்ட்டுகள் தாமாகவே அழகாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது எளிது. மெட்டாவுக்கும் கூகுளுக்கும் விற்பனை மதிப்பு அனுப்பும்போது பில் தொகையை அனுப்பாமல் கூலியில் மிஞ்சுவதை அனுப்பலாம். அது முடியாவிட்டால் விற்ற கிராமையும் ஜோடியையும் தனி நோட்டில் எழுதி, விளம்பரச் செலவை அதோடு வகுத்துப் பாருங்கள். ஒரு ஜோடி விற்க என்ன செலவாகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. தங்கக் கடைக்கும், விலை தினமும் ஆடும் எந்தச் சரக்குக்கும் இதே கணக்குதான்.

ஆர்டர் வந்ததோடு கணக்கை முடிப்பது

இளம்பிள்ளைச் சேலை இன்று யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் ஊர் ஊராகப் போகிறது. கேஷ் ஆன் டெலிவரி வைத்தால் ஆர்டர் கொட்டும். திரும்பி வருவதும் கொட்டும்.

இரண்டு விளம்பரங்களுக்கும் ஒரே செலவு என்று வையுங்கள். முதலாவதில் 40 ஆர்டர், 16 திரும்பி வந்தது. இரண்டாவதில் 28 ஆர்டர், 3 திரும்பி வந்தது. சேலைக்கு லாபம் 200, திரும்பிய பார்சலுக்குப் போகவர கூரியர் நஷ்டம் 120. முதலாவது: 24 சேலைக்கு 4,800, நஷ்டம் 1,920 போக மிச்சம் 2,880. இரண்டாவது: 25 சேலைக்கு 5,000, நஷ்டம் 360 போக மிச்சம் 4,640. ஆர்டரை மட்டும் எண்ணிக் காட்டும் டேஷ்போர்டில் ஜெயித்தது முதலாவது. கல்லாவில் ஜெயித்தது இரண்டாவது.

கெடுதல் இதோடு நிற்காது. மெட்டாவின் அல்காரிதம் தனக்குக் காட்டப்படும் ஆர்டரை வைத்துத்தான் கற்கிறது. யார் ஆர்டர் போட்டார்கள் என்று அதற்குத் தெரியும். யார் கதவைத் திறந்து பார்சலை வாங்கினார்கள் என்று தெரியாது. நீங்கள் சொல்லாவிட்டால், போட்டுவிட்டு வாங்காமல் விடுபவர்களைப் போன்ற ஆட்களையே இன்னும் தேடித் தேடிக் கொண்டுவரும். டெலிவரி ஆன ஆர்டர்களை மட்டும் தனி நிகழ்வாகத் திருப்பி அனுப்பும் வசதி மெட்டாவிலும் இருக்கிறது, கூகுளிலும் இருக்கிறது. கடையின் சொந்த சாஃப்ட்வேர் வழியாகவும் செய்யலாம். எக்செல் ஷீட்டாகவும் ஏற்றலாம். உங்கள் ஏஜென்சி இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

ஒரே விற்பனையை இரண்டு பேர் கணக்கில் எழுதுவது

வாழப்பாடிக்காரர் ஒருவர் திங்கட்கிழமை இன்ஸ்டாவில் உங்கள் விளம்பரத்தைச் சொடுக்குகிறார். வியாழன் அன்று கூகுளில் கடைப் பெயரைத் தேடி, மேலே வந்த விளம்பரத்தைச் சொடுக்கி வாங்குகிறார். மெட்டா வழக்கமாக, சொடுக்கி ஏழு நாளுக்குள் நடந்த விற்பனையைத் தனதென்று எழுதும். கூகுள் விளம்பரத்தில் அந்த அவகாசம் பொதுவாக 30 நாள். இருவரும் ஆளுக்கொன்று எழுதிக்கொள்வார்கள். இரண்டையும் கூட்டினால் கடையில் விற்றதைவிட அதிகமாகக் கூட வரும். ஆகவே கூட்டாதீர்கள். மொத்த விளம்பரச் செலவு ஒரு பக்கம், மொத்த பில் ஒரு பக்கம். முதலில் அதைப் பாருங்கள். பிறகு யாருக்குப் பங்கு எவ்வளவு என்று சண்டை போடலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. நம்ம ஊரில் பாதி வியாபாரம் இணையதளத்தில் முடிவதே இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டோ கேட்டு, விலை பேசி, ஜிபேயில் பணம் போட்டு முடிந்துவிடும். இணையதளத் தரவில் அது வரவே வராது. இதற்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. வாட்ஸ்அப் லிங்க்கில், தொட்டவுடன் தானாக வந்து நிற்கும் ஒரு செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். ரீல் விளம்பரத்துக்கு "வணக்கம், ரீல்ல பார்த்த சேலை விலை என்னங்க?" என்றும், கூகுள் மேப் லிங்க்குக்கு "வணக்கம், கடை எத்தனை மணி வரைக்குங்க?" என்றும் வைத்தால், முதல் வரியிலேயே ஆள் எங்கிருந்து வந்தார் என்று தெரிந்துவிடும். வாட்ஸ்அப் பிசினஸில் அதற்கேற்ப லேபிள் ஒட்டி, பணம் வந்ததும் லேபிளை மாற்றச் சொல்லி போனைக் கவனிக்கும் பெண்ணிடம் பழக்கப்படுத்துங்கள். ஆயிரக்கணக்கில் மாசச் சந்தா கட்டும் மென்பொருளைவிட இது சின்னக் கடைக்குப் பிரயோஜனம்.

எந்த சேலம்?

எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸில் ஆங்கிலத்தில் 'சேலம்' என்று அடித்து, இடம் உலகம் முழுக்க என்று விட்டுவிட்டால் அக்டோபரில் கோடு எகிறும். தீபாவளி ஜவுளிக் கூட்டம் என்று யாரும் குஷியாகிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஆரெகன் மாநிலத் தலைநகரம் ஒரு சேலம். மாசசூசெட்ஸில் இன்னொன்று, 1692இல் சூனியக்காரிகள் என்று சொல்லிப் பலரைத் தூக்கில் போட்ட ஊர். ஹாலோவீனுக்கு அங்கே ஜனம் குவியும். இடத்தைத் தமிழ்நாடு என்று மாற்றிய பிறகுதான் அந்தத் தரவு நம் பக்கம் பேசும். ஏற்காட்டை ஆங்கிலத்தில் மக்கள் எத்தனை விதமாக எழுத்துக் கூட்டுகிறார்கள் என்பதையும், தமிழிலேயே தேடுகிறவர்கள் எவ்வளவு பேர் என்பதையும் கூகுள் விளம்பரக் கணக்கின் தேடல் சொற்கள் அறிக்கையில் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும்.

இதைவிடப் பணத்தைக் கரைப்பது கூகுள் விளம்பரத்தின் இட அமைப்பு. சேலம் என்று தேர்ந்தெடுத்தால், சேலத்தில் இருப்பவர்களோடு சேலத்தின்மேல் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கும் காட்டு என்பதுதான் அதன் இயல்பான அமைப்பு. ஐந்து ரோட்டில் ஏசி பழுது பார்க்கிறவருக்குச் சென்னையில் உட்கார்ந்து சேலத்தைத் தேடுகிறவர் எதற்கு? 'இருப்பவர்கள் மட்டும்' என்று மாற்ற வேண்டும். ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்குக் கணக்கு தலைகீழ். ஏற்காட்டில் ஏற்கெனவே இருப்பவருக்கு ரூம் தேவையில்லை. பெங்களூரு, சென்னை, கோவை, ஈரோடு என்று ஆள் கிளம்பி வரும் ஊர்களை வைக்க வேண்டும். எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியதில்லை, உங்கள் ரிஜிஸ்டரிலேயே முகவரி இருக்கிறது. புக் செய்த நாளுக்கும் வந்து தங்கிய நாளுக்கும் இடைவெளி எவ்வளவு என்பதும் அதில் இருக்கிறது. வார இறுதிக்கு வருகிறவர்கள் மூன்று நாள் முன்பு முடிவெடுக்கிறார்கள் என்றால், சனிக்கிழமை காலை ஓடும் விளம்பரம் யாருக்கு?

தேதியை ஒப்பிட்டு, பண்டிகையை மறப்பது

"போன நவம்பரைவிட இந்த நவம்பர் பாதிக்குப் பாதி டல்லுங்க" என்று 2024இல் புலம்பிய ஜவுளிக்காரர்கள் உண்டு. 2023இல் தீபாவளி நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2025இல் அக்டோபர் 20. நவம்பரை நவம்பரோடு வைத்தால் என்ன தெரியும்? தீபாவளிக்கு முந்தைய 30 நாளை ஒப்பிட வேண்டும்: 2023இல் அக்டோபர் 13 முதல் நவம்பர் 11 வரை, 2024இல் அக்டோபர் 1 முதல் 30 வரை, 2025இல் செப்டம்பர் 20 முதல் அக்டோபர் 19 வரை. ஆடியும் அப்படித்தான். முகூர்த்தம் இல்லாத மாசத்தில் பட்டுச்சேலை விளம்பரம் படுத்தால் விளம்பரத்தைக் குறை சொல்லக் கூடாது. அதே ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே கடைவீதியில் நிற்கும். அந்த வாரம் எந்த விளம்பரம் ஓடினாலும் நன்றாக ஓடியதுபோலத்தான் தெரியும்.

ஒரு சின்ன அமைப்பை இன்றே மாற்றிவிடுங்கள். இணையதளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4இல் ஆழமாக ஆராயும் பகுதிக்கான பயனர் தரவு, நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டு மாசம்தான் இருக்கும். 14 மாசம் என்று மாற்றலாம், இலவசம். ஏற்கெனவே அழிந்துபோன தரவு திரும்ப வராது. 

இருக்கும் ஐந்நூறை ஆறாகப் பிரிப்பது

தினம் 500 ரூபாய் பட்ஜெட்டில் வயதுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று ஆறு விளம்பர செட் (தனித்தனிப் பார்வையாளர்களுக்கான விளம்பரத் தொகுப்பு) ஓட்டுவார்கள். மெட்டா ஒரு விளம்பர செட்டுக்கு வாரத்துக்குச் சுமார் 50 பலன் (ஆர்டர் போல நீங்கள் கேட்டது) கிடைத்தால்தான், யாருக்குக் காட்டுவது என்று பழகும் கற்றல் கட்டத்தைத் தாண்டும் என்கிறது. ஆறாகப் பிரித்தால் எதுவும் தாண்டாது. ஒன்றாகச் சேருங்கள். நாலு விற்பனையையும் ஆறு விற்பனையையும் வைத்து இந்தப் போட்டோ ஜெயித்தது, அந்தப் போட்டோ தோற்றது என்று தீர்ப்பு எழுதுவதும் இதே வகை. அந்த இரண்டு விற்பனை வித்தியாசம் மழையால்கூட வந்திருக்கலாம்.

பில் போடும்போது வாங்கிய போன் நம்பருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் ஆஃபர் அனுப்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேறிவிட்டது; எதற்காக நம்பர் கேட்கிறோம் என்று சொல்லி ஒப்புதல் வாங்குவதுதான் அதன் அடிப்படை. சட்டம் கிடக்கட்டும், ஜனம் பிளாக் செய்ய ஆரம்பித்தால் வாட்ஸ்அப்பே உங்கள் நம்பரின் தரத்தைக் குறைத்துவிடும். பில் கவுண்டரில் "புது டிசைன் வந்தா வாட்ஸ்அப்ல சொல்லட்டுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டு, சரி என்றவர் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. விளம்பரக் கணக்கு, பிக்ஸல் (இணையதளத்தில் நடப்பதை மெட்டாவுக்குச் சொல்லும் சின்ன நிரல்), அனலிட்டிக்ஸ், கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். பல கடைகளில் ஏஜென்சியின் சொந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நாளைக்கு ஆளை மாற்றினால் மூன்று வருஷத் தரவும் அவரோடு போய்விடும். புது ஆள் பூஜ்யத்திலிருந்து உங்கள் காசில் கற்றுக்கொள்வார். கணக்கை உங்கள் மெயில் ஐடியில் திறந்து, ஏஜென்சிக்கு வேலை செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். இப்போதே அவர்கள் பெயரில் இருந்தால் அடுத்த மாச பில்லைக் கட்டுவதற்கு முன்பே உரிமையை மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் கொடுத்த பிறகு கேட்டால் "பார்க்கலாம் அண்ணா" என்பார்கள்.